ஏழாம் இலக்கத்து மான்கள்

கோட்டைக்குள் மான் நிற்கிறது என்பது திருகோணமலையில் பிறந்த எவருக்கும் தெரியும். கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் நின்று வாழைப்பழத் தோல் தின்னும், சுவரொட்டி தின்னும், ஆள் கொஞ்சம் அசந்தால் அர்ச்சனைத் தட்டிலும் வாய் வைக்கும். ஆகையால், மான்களை ஆராய்வதற்காக சோமசேகரம் ஐயா ஆகாயத்திலிருந்து எடுத்த படம் வரவழைத்திருக்கிறார் என்ற செய்தி தொண்ணூற்றெட்டில் கந்தோருக்குள் பரவியபோது, சனம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. மான் பார்க்கிறதென்றால் கோட்டைக்கு நடந்து போனால் முடிந்தது, அதற்கு எதற்கு ராக்கெட் என்று பியோன் முகத்துக்கு நேரே கேட்டான்.

"கோட்டையில நிக்கிறது மான் இல்லை, மாடு," என்றார் சோமசேகரம். "எனக்குக் காட்டு மான் வேணும்."

அவர் ஒரு திணைக்களத்தின் மாவட்ட அதிகாரி. திணைக்களத்தின் பெயர் வேண்டாம், எனக்கு எதற்கு வீண் வம்பு. காட்டு மான் எங்கே மேய்கிறது, அதன் இடம் கூடுகிறதா குறைகிறதா என்று ஒரு அறிக்கை எழுதவேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஆனால் காட்டுக்குள் போக ஏலாது. ஒரு பக்கம் ஆமி, மற்றப் பக்கம் இயக்கப் பொடியள், நடுவில் மிதிவெடி. பாஸ் இல்லாமல் அங்கே திரிந்தது மான் மட்டும்தான். ஆகவே வெளிநாட்டில் படித்த காலத்துச் சிநேகிதர் ஒருவரைப் பிடித்து, செய்மதிப் படத்தைப் பெரிய தாள்களாக எடுப்பித்துக் கொண்டார்.

படம் இராசமலரின் மேசைக்கு வந்தது. இராசமலர் அந்தக் கந்தோரின் படவரைஞர். பாலையூற்றில் தனியாக இருந்தாள், கலியாணம் செய்யவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று பதில் சொன்னாள். அவளுக்கு ஒரேயொரு பெருமை உண்டு. மையால் வரைகிற தாளில் கோடு பிழைத்தால் பிளேட்டால் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப வரைவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. இராசமலரின் தாளில் பிளேட் பட்ட தடம் கிடையாது. வேலைக்கு வந்த நாளிலிருந்து கிடையாது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் அவளுடைய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தடம் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

செய்மதிப் படத்தில் காடு சிவப்பாக இருந்தது. பச்சையைச் சிவப்பாகக் காட்டுவது அந்தக் கமராவின் புத்தி. தண்ணீர் கறுப்பு. மரம் வெட்டின வெட்டை வெளி வெள்ளையாகத் தெரியும். மேகமும் வெள்ளைதான், ஆனால் மேகத்துக்குப் பக்கத்தில் அதன் நிழல் கறுப்பாக நிலத்தில் விழுந்து கிடக்கும், அதை வைத்துப் பிரித்து அறியவேண்டும். இவ்வளவையும் சோமசேகரம் அவளுக்கு ஒரு பின்னேரத்தில் சொல்லிக் கொடுத்தார். புள்ளிமான் அடர்ந்த காட்டுக்குள் மேயாது, காட்டு ஓரத்தில் புதுப்புல் முளைத்த வெட்டையில்தான் மேயும், ஒளிக்கக் காடும் தின்னப் புல்லும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்றும் சொன்னார். ஆகவே சிவப்புக்கு நடுவில் வெள்ளை எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதைச் சுற்றி வட்டம் போட்டு இலக்கம் இடுவது இராசமலரின் வேலை.

வட்டம் போட்டால் போதாது. உண்மையிலேயே அங்கே மான் வருகிறதா என்று தரையில் பார்த்து உறுதி செய்யவேண்டும். அதற்கு அபூதாஹிர் இருந்தார். கிண்ணியாக்காரர், கந்தோர் பிக்கப்பின் சாரதி, வாய் திறந்தால் மூடத் தெரியாதவர். காவலரணில் நிற்கிறவனோடும் கதைத்துச் சிரித்து, வேலிக்கு வெளியே குனிந்து, மான் புழுக்கை பொறுக்கிக்கொண்டு வருவார். அதை ஜாம் போத்தலில் போட்டு இலக்கம் ஒட்டி இராசமலரின் மேசையில் வைப்பார்.

"மிஸ், இது மூணாம் இலக்கம். நல்ல புதுசு."

"மேசையில வைக்காதையுங்கோ நானா. நான் சாப்பிடுற இடம்."

"மான் இலைதானே மிஸ் தின்னுது. உங்கட சாப்பாட்டை விடச் சுத்தம்."

இப்படி ஆறு போத்தல் சேர்ந்தது. ஆறு வட்டமும் ஆறு இராணுவ முகாம்கள். மறைந்திருந்து சுடுகிறவன் தெரியவேண்டும் என்பதற்காக ஆமி முகாமைச் சுற்றிக் காட்டை வெட்டி வெளியாக்கியிருந்தது. மழைக்கு அந்த வெளியில் புல் முளைத்தது. புல்லுக்கு மான் வந்தது. யுத்தத்தினால் புள்ளிமானின் மேய்ச்சல் நிலம் கூடியிருக்கிறது என்று சோமசேகரம் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதி, அந்த வசனத்தைத் தானே இரண்டு தரம் வாசித்துச் சந்தோசப்பட்டார். மான் படம் என்ற பெயரில் மாவட்டத்து முகாம்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் துல்லியமாகக் குறித்து வைத்திருக்கிறோம் என்பது கந்தோரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மானைத் தேடினவர்களின் கண்ணுக்கு மான்தான் தெரிந்தது.

ஏழாம் இலக்கம் தெற்கே, மூதூருக்கும் அப்பால், ஆமியின் கட்டுப்பாடில்லாத பகுதியில் இருந்தது. அங்கே போய்ப் புழுக்கை பொறுக்க அபூதாஹிராலும் ஏலாது. ஆனால் மற்ற ஆறையும் விட இராசமலருக்கு உறுதியாகத் தெரிந்தது ஏழாவதுதான். அவளுடைய அக்கா குணேஸ்வரி அங்கேதான் இருந்தாள். கலியாணம் முடித்துப் போன ஊர் தொண்ணூறில் எரிந்தபிறகு, அந்த ஊர்ச் சனம் காட்டுக்குள் போய், உடைந்து கிடந்த ஒரு சின்னக் குளத்துக்குக் கட்டுப் போட்டு, பக்கத்தில் காடு வெட்டிக் கச்சான் என்கிற நிலக்கடலையும் பயறும் போட்டிருந்தது. பழைய வரைபடம் ஒன்றிலும் அந்தக் குளம் இல்லை. படவேலை நடந்துகொண்டிருந்தபோது வந்த பொங்கலுக்கு பாஸ் எடுத்து, மூதூர் லோஞ்சுப் படகில் வந்திறங்கின குணேஸ்வரி, வந்த களை ஆற முன்னமே சொன்ன முதல் கதை மான் கதைதான்.

"மலர், உந்த மான் சனியன் ஒரு கச்சான் செடியை விடுதில்லையடி. ஷெல்லைக் கூடத் தாங்கலாம்."

இராசமலர் அந்த வார்த்தையை நம்பி ஏழாவது வட்டத்தைப் போட்டாள். வேறு யாருடைய சாட்சி வேண்டும்? கூடப் பிறந்தவள் கண்ணால் கண்டு சொன்னது.

மாசியில் படம் முடிந்தது. படத்தையும் செய்மதித் தாளையும் ஆறு போத்தலையும் கொழும்புக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார் சோமசேகரம். இராசமலர்தான் படத்தைச் சுருட்டிக் கட்டினாள். அபூதாஹிர் பிக்கப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். சீனன்குடாவுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை, அதற்கு முன்னால் இருந்த செக்பொயின்றில் மறித்துவிட்டார்கள்.

போத்தலில் என்ன என்று கேட்டான் ஆமிக்காரன். மான் புழுக்கை என்றார் அபூதாஹிர். தன்னோடு பகிடி விடுகிறான் என்று ஆமிக்காரனுக்குக் கோபம். படத்தை விரிக்கச் சொன்னான். மற்றவனாக இருந்தால் தெரியாது, கந்தோரில் தந்தார்கள் என்று சொல்லித் தப்பியிருப்பான். அபூதாஹிர் அப்படியா? ஆளைக் குளிரப் பண்ணலாம் என்று நினைத்து, படத்தில் ஒரு வட்டத்தில் விரலை வைத்து, "இந்தா பாருங்க, இதுதான் உங்கட காம்ப். எவ்வளவு வடிவாப் போட்டிருக்கு," என்றார்.

அதோடு சரி.

மறுநாள் காலமை அவருடைய மனைவி ஸல்ஹா கந்தோருக்கு வந்தாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பார்சல். அவரை அடைத்து வைத்திருந்த முகாமின் வாசலில் அதை வாங்க மறுத்துவிட்டார்களாம். யாரிடமும் சத்தம் போடவில்லை, அழவில்லை, இராசமலரின் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தாள், அவ்வளவுதான். தேத்தண்ணி கொடுத்தால் வேண்டாம் என்றாள். மதியம் வரைக்கும் அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"மிஸ், அவர் வாய்தான். வேற ஒண்ணும் இல்ல. அது உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும் ராத்தா."

"அப்ப நீங்க போய்ச் சொல்லுங்க. நீங்கதானே படத்தக் கீறினது."

அந்த நாட்களில் உள்ளே போனவர்கள் எல்லோரும் வெளியே வந்ததில்லை. அவளுக்குப் பயம். ஆனால் படத்தை வரைந்தது அவள்தான், அதை மறுக்க ஏலாது. சோமசேகரம் கடிதத் தலைப்புத் தாள், அடையாள அட்டை, அறிக்கையின் பிரதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஓட்டோ பிடித்து முகாமுக்குப் போனார்கள்.

கப்டன் இள வயதுக்காரன். மேசையில் ஆறு போத்தலையும் வரிசையாக வைத்திருந்தான். மூடி திறந்திருந்ததால், மணந்து பார்த்திருக்கிறான் என்று தெரிந்தது. கதை முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. இராசமலர் உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணின சிங்களம் அது. தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"இது என்ன?"

"மான் சேர்."

"இந்த ஆறு வட்டமும் எங்கட முகாம்."

"ஓம் சேர். அது மானுக்குத் தெரியாது."

கப்டன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. செய்மதித் தாளை விரித்து, சிவப்பு காடு, கறுப்பு தண்ணீர், வெள்ளை வெட்டை என்று காட்டினாள். மூலையில் கிடந்த இன்னொரு வெள்ளையில் அவன் விரலை வைத்து, இதைச் சுற்றி ஏன் வட்டம் இல்லை என்று கேட்டான். அது மேகம், பக்கத்தில் இருக்கிற கறுப்பு அதன் நிழல், மேகத்துக்கு நிழல் இருக்கும், வெட்டைக்கு இராது என்று விளங்கப்படுத்தினாள். சோமசேகரம் மெல்லத் தலையாட்டினார். சொல்லிக் கொடுத்ததை அவள் மறக்கவில்லை என்பதில் அவருக்கு அந்த நேரத்திலும் ஒரு திருப்தி.

"நீங்கள் காடு வெட்டின இடத்தில புல் முளைச்சிருக்கு. அதுக்கு மான் வருது. நம்பாட்டி வேலிப் பக்கம் வந்து பாருங்கோ சேர். பொழுதுபடப் போகுது, இப்ப வந்திருக்கும்."

கப்டன் நம்பவில்லை, ஆனால் எழுந்தான். நாலு பேர் துவக்கோடு பின்னால் வர, முகாமின் பின்வேலிக்குப் போனார்கள். முள்ளுக்கம்பியில், ஆள் பட்டால் சத்தம் கேட்பதற்காக, பால்மா ரின்கள் தொங்கின. அதற்கு அங்கால் முழங்கால் உயரப் புல், புல்லுக்குள் ஒரு பெரிய கூட்டம் மான். மிதிவெடி போட்ட நிலத்தில் நின்று ஆறுதலாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு குட்டி தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்தது. இராசமலர் இத்தனை மாதம் வட்டமாக வரைந்ததை முதல் முதல் மானாகப் பார்த்தாள். அவளையறியாமல் முகம் மலர்ந்துவிட்டது. எங்கே வந்து நிற்கிறோம் என்பதைக்கூட ஒரு கணம் மறந்தாள்.

"போன மாதம் ஒன்று மிதித்தது," என்றான் கப்டன். "கறி வைத்தோம்."

சோமசேகரம் அறிக்கையின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்து இருந்ததும் கப்டனின் முகம் மாறியிருந்தது. சிரிப்பு மாதிரியும் இருந்தது. சாரதியை விடலாம், போத்தலையும் கொண்டு போங்கள், ஆனால் படம் இங்கேதான் நிற்கும் என்றான். இராசமலருக்கு மூச்சு வந்தது. கும்பிடக் கைகூட எழும்பியது. அப்போதுதான் அவன் படத்தைத் தன் பக்கம் திருப்பி, தெற்கே விரலை வைத்தான்.

"எங்கே காடு வெட்டினார்களோ அங்கே மான். நல்லது. ஆறு இடத்தில் நாங்கள் வெட்டினோம். ஏழாவதை வெட்டினது யார்?"



இராசமலர் வட்டத்தைப் பார்த்தாள். வடிவான வட்டம். அதற்குள் அக்காவும், அத்தானும், மூன்று பிள்ளைகளும், பத்துப் பன்னிரண்டு ஓலை வீடும், கச்சானும் இருந்தன. உண்மையைச் சொன்னால், சனம் வெட்டினது என்று சொன்னால், எந்தச் சனம் என்று கேட்பான், அதை யார் நம்பப் போகிறார்கள்? அடுத்த நாளே கிபிர் விமானம் குண்டு போடப் போகும். தெரியாது என்று சொன்னாலும் கிபிர் போகும். அந்தக் காட்டுக்குள் இருக்கிற அவர்களை அதுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்த ஒரேயொரு தாளை அவளே கீறிக் கொடுத்திருக்கிறாள். அட பாவி, என்று தன்னைத்தானே மனதுக்குள் ஏசினாள். கதிரையில் பார்சலோடு இருக்கிற ஸல்ஹாவும் நினைவுக்கு வந்தாள். அதற்கு மேல் யோசிக்க நேரம் இல்லை.

"அது மேகம் சேர்," என்றாள்.

"மேகமா?"

"பாருங்கோ, பக்கத்தில கறுப்பு இருக்கு. நிழல்."

செய்மதித் தாளில் ஏழாவது வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு துண்டு கிடந்தது. அது அக்கா ஆட்கள் கட்டுப் போட்ட குளம். கப்டன் மூலையில் இருந்த மேகத்தைப் பார்த்தான், இதைப் பார்த்தான், திரும்ப அதைப் பார்த்தான்.

"மேகம் என்றால் வட்டம் போட்டது ஏன்?"

"பிழை சேர். என்ர பிழை. கவனிக்காமல் போட்டிட்டன். மற்ற ஆறுக்கும் போத்தல் இருக்கு, எண்ணிப் பாருங்கோ. ஏழாவதுக்குப் போத்தல் இல்லை. மேகத்தில மான் மேயாது."

கப்டன் போத்தல்களைப் பார்த்தான். ஆறுதான். பிறகு சோமசேகரத்திடம் திரும்பினான்.

"நீங்கள்தானே படித்தவர். இது மேகமா?"

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, தாளில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். ஏழாம் இலக்கத்தை மிகச் சிறந்த மேய்ச்சல் நிலம் என்று அறிக்கையில் ஒரு பந்தி எழுதியிருந்தவர் அவர். பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் குளம் இல்லை. குளம் இல்லாத இடத்தில் கறுப்பு இருந்தால் அது நிழல்தான். அவருடைய முகம் சிவந்துகொண்டே போனது.

"மேகம்தான்," என்றார். பிறகு இராசமலரிடம் தமிழில், அடக்க முடியாமல், "என்ன வேலை பிள்ளை செய்து வைச்சிருக்கிறீர்? மேகத்தையும் மானையும் தெரியாதோ? இத்தனை வருசமா என்னத்தைக் கிழிச்சனீர்?" என்று வெடித்தார். நடிப்பு இல்லை. சத்தியமாக அந்த மனுசன் நம்பிவிட்டார். கப்டனுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் பேச்சு விழுகிறது என்பது எந்தப் பாசையிலும் விளங்கும். அவன் கொஞ்சம் இரக்கத்தோடு இராசமலரைப் பார்த்தான்.

ஒரு பேனையை நீட்டி, ஏழாவது வட்டத்தை வெட்டிவிடச் சொன்னான். வெட்டி, பக்கத்தில் மேகம் என்று எழுதி, கையெழுத்தும் வைக்கவேண்டும். பிளேட் தடம் படாத தாளில் இராசமலர் குறுக்காக ஒரு கோடு போட்டாள். கோடு கோணலாகப் போனது. அவளுக்கு அழுகை வந்தது. பயத்தினால் வந்ததா, சந்தோசத்தினால் வந்ததா, அந்தக் கோட்டைப் பார்த்து வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாம் கலந்துதான் இருந்திருக்கும்.

அபூதாஹிரைக் கொண்டுவந்து விட்டார்கள். எந்நேரமும் போட்டிருக்கிற மூக்குக்கண்ணாடி இல்லை. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். பிக்கப்பின் சாவியைக் கொடுத்தார்கள், அவரால் ஓட்ட ஏலாது, சோமசேகரம் ஓட்டினார். அவர் எவ்வளவோ வருசத்துக்குப் பிறகு ஸ்டியரிங் பிடித்ததால் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. இராசமலரும் அபூதாஹிரும் பின்னால் தட்டில் இருந்தார்கள். நிலாவெளிக்கும் கேட்கிற மாதிரிக் கதைக்கிற மனுசன், பாதி வழி வரைக்கும் வாய் திறக்கவில்லை.

பிறகு மெல்லச் சொன்னார்.

"மிஸ், ஆறைப் பத்தி நான் எல்லாத்தையும் சொன்ன. ஒளிக்க என்ன இருக்கு? ஆனா ராவு முழுக்க அவங்க கேட்டது ஏழாவது."

இராசமலர் அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"பொங்கலுக்கு வந்த உங்கட அக்காவ ஜெட்டியில இருந்து நான்தானே ஏத்திக்கிட்டு வந்த. வழி முழுக்க மான் கதைதான் சொன்னாங்க, எந்த இடம், எப்படிப் போறது எல்லாம். நான் தெரியா எண்டுதான் சொன்ன மிஸ். எத்தனை தரம் கேட்டாலும் தெரியா. என்ட வாழ்க்கையில ஒரு விசயம் தெரியா எண்டு சொன்னது அதுதான் முதல் தரம்." கொஞ்சம் பொறுத்துச் சிரிக்கப் பார்த்தார், உதடு வெடித்திருந்ததால் ஏலவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க?"

"மேகம் எண்டு சொன்னனான் நானா."

"மேகமா?" அவர் யோசித்தார். "நல்ல வேலை. மேகத்துக்கு ஆர் அடிக்கிற."

இராசமலர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதாள். முன்னால் சோமசேகரம் கியர் மாற்றுகிற சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. கந்தோர் வாசலில் ஸல்ஹா அதே பார்சலோடு நின்றாள். சாப்பாடு ஊசிப்போயிருந்தது. அபூதாஹிர் அதைத்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தார்.

அறிக்கை அந்த வருடக் கடைசியில் வந்தது. வரைபடம் இல்லாத வரைபட அறிக்கை. இருபத்தோராம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தெற்குப் பகுதியில் ஓர் இடம் படவரைஞரின் கவனயீனத்தால் மான் வாழிடமாகச் சேர்க்கப்பட்டிருந்தது என்றும், அது மேகம் எனக் கண்டறிந்து நீக்கப்பட்டது என்றும். சோமசேகரம் அதற்குப் பிறகு படம் வரைகிற வேலையை அவளுக்குக் கொடுக்கவில்லை, கோப்புகளுக்கு இலக்கம் எழுதக் கொடுத்தார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர், மேகத்தில் மான் பிடித்த மிஸ் இவதானோ என்று கேட்டுச் சிரித்தார். இராசமலரும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த பொங்கலுக்குக் குணேஸ்வரி வந்தாள். முழுசாக வந்தாள். லோஞ்சிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டே வந்து பையை வாங்கின அபூதாஹிரைப் பார்த்து, காலில் என்ன என்று கேட்டாள். வழுக்கி விழுந்தது என்றார் அவர். வழியில் அவளை ஒரு வார்த்தை கதைக்க விடாமல் தானே கதைத்துக்கொண்டு வந்தார்.

பாலையூற்று வீட்டுக் குசினியில் குந்தியிருந்து, பையைக் கவிழ்த்தாள் குணேஸ்வரி. ஒரு பிடி கச்சான் விழுந்தது.

"இவ்வளவுதான் மிச்சம். மற்றதெல்லாம் மான் திண்டிட்டுது. நீ உந்த மான் கந்தோரிலதானே வேலை செய்யிறாய், ஒருக்காச் சொல்லி எழுதுவியன், ஆரையேனும் அனுப்பி உதுகளைக் கலைக்கச் சொல்லி."

"அங்க மான் இல்லை அக்கா."

"என்னடி கதைக்கிறாய்? நேற்று விடியக்காலமையும் நான் தடியோட கலைச்சனான்."

"இல்லை. எழுதி, கையெழுத்தும் வைச்சாச்சு. அங்க இருக்கிறது மேகம் மட்டுந்தான்." கச்சானை எடுத்து எடுத்து உடைத்து, அக்காவின் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லவேணும். உங்கட பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுங்கோ."

குணேஸ்வரி கச்சானைக் கீழே வைத்துவிட்டு, தங்கச்சியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.